மின்வெட்டில் ஃபிரிட்ஜ் எவ்வளவு சூடாகிறது? வெப்பநிலைப் பதிவுக் கருவியை நீங்களே செய்ய ஒரு முழு வழிகாட்டி

இந்தக் கருவியைச் செய்ய உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாளே எல்லாப் பாகங்களையும் ஒரே பிரெட்போர்டில் (சால்டரிங் இல்லாமல் வயர்களைக் குத்தி இணைக்கும் துளைப் பலகை) குத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்குமான லைப்ரரிகள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) எல்லாவற்றையும் ஒரே நிரலில் சேர்க்கிறார்கள். மின்சாரம் கொடுக்கிறார்கள். திரையில் ஒன்றும் வருவதில்லை. தவறு எங்கே என்று கேட்டால், இருபது வயர்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு பாகமும் தனியாகப் பேசிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

நாம் செய்யப்போவது இதுதான்: ஆர்டுயினோ நானோ என்ற, நிரல் ஏற்றி இயக்கும் சிறிய மின்னணுப் பலகை ஒன்று, நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு சென்சார்களைப் படிக்கும். ஒன்று ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், மற்றொன்று ஃப்ரீஸரில். படித்ததைத் தேதி, நேரத்துடன் மெமரி கார்டில் எழுதும். கரன்ட் போனாலும் எழுதிக்கொண்டே இருக்கும்.

1. வாங்குவதற்கு முன் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்

"வெப்பநிலையை அளக்க வேண்டும்" என்பது கேள்வியே அல்ல. "கரன்ட் போன எத்தனை மணி நேரத்தில் நடுத்தட்டு 5 டிகிரியைத் தாண்டுகிறது?" என்பதுதான் கேள்வி. அதிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைக்கின்றன. மணிக்கணக்கில் நகரும் மாற்றத்துக்கு நொடிக்கு ஒரு பதிவு தேவையில்லை. நிமிடத்துக்கு ஒன்று தாராளம். அப்படி எழுதினால் நாளுக்கு 1,440 வரிகள். ஒரு வரிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகள் என்றால் நாளொன்றுக்கு 43 கிலோபைட், ஆண்டு முழுவதும் ஓடினாலும் 16 மெகாபைட் அளவுதான். அலமாரியில் கிடக்கும் பழைய 2 ஜிபி கார்டே போதும்.

2. தேவையானவை

ஆர்டுயினோ நானோ, 5 வோல்ட் வகை. உலோகக் குப்பிக்குள் அடைத்து வயருடன் வரும் நீர்புகா டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சென்சார் இரண்டு. டிஎஸ்3231 கடிகாரப் பலகை. எஸ்பிஐ வகை மெமரி கார்டு பலகை. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைந்த கார்டு. 4.7 கிலோஓம் மின்தடை ஒன்று, ஓர் எல்இடி, அதற்கு 470 ஓம் மின்தடை. பிரெட்போர்டு, ஜம்பர் வயர்கள், ஒரு மல்டிமீட்டர். பின்னால் வரும் பகுதிகளுக்கு 10 கிலோஓம், 100 கிலோஓம் மின்தடை ஒவ்வொன்று, சால்டரிங் அயர்ன், பொதுப்பலகை (பாகங்களை சால்டரிங் செய்து நிலையாகப் பதிக்கும் துளைப் பலகை). சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரே நடையில் இவ்வளவையும் வாங்கிவிடலாம்.

மல்டிமீட்டரைத் தவிர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேறு எதையாவது தவிருங்கள். கருவி பேசாதபோது 5 வோல்ட் உண்மையில் வந்து சேர்கிறதா என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

4.7 கிலோஓம் மின்தடையின் நிறப் பட்டைகள் மஞ்சள், ஊதா, சிவப்பு. மூன்றாவது பட்டை ஆரஞ்சாக இருந்தால் அது 47 கிலோஓம். பழுப்பாக இருந்தால் 470 ஓம். கையில் 470-உம் இருப்பதால் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தாலும் மீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பிரெட்போர்டின் இரு ஓரங்களிலும் ஓடும் நீள வரிசைகளையும் மீட்டரால் சோதியுங்கள். சில நீளப் பலகைகளில் அந்த வரிசை நடுவில் அறுந்திருக்கும். மேல் பாதியில் கொடுத்த 5 வோல்ட் கீழ்ப் பாதிக்குப் போகாது.

3. வெறும் பலகை கணினியுடன் பேசட்டும்

நானோவை எதனுடனும் இணைக்காமல், எல்இடி சிமிட்டும் உதாரண நிரலை முதலில் ஏற்றுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஆனால் மூன்று தடைகள் இந்த இடத்திலேயே இருக்கின்றன.

முதல் தடை கேபிள். போன் சார்ஜ் செய்ய மட்டுமே ஆன யுஎஸ்பி கேபிள்களில் தகவல் வயர்கள் இருக்காது. பலகையில் விளக்கு எரியும். கணினிக்கோ அப்படி ஒரு பலகை இருப்பதே தெரியாது. இரண்டாவது, மலிவு நானோக்களில் உள்ள சிஎச்340 சிப்புக்கான டிரைவர். கணினியில் அது இல்லாவிட்டால் தனியாக நிறுவ வேண்டும். மூன்றாவது, நிரல் ஏறும்போது பலகை பதில் தரவில்லை என்று பிழை வருவது. ஆர்டுயினோ மென்பொருளின் டூல்ஸ் பட்டியலில் புராசஸர் என்ற இடத்துக்குப் போய் "ஓல்டு பூட்லோடர்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

4. சென்சார் மட்டும்

சென்சாரின் சிவப்பு வயர் 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் நானோவில் டி2 என்று குறித்த முனைக்கு. வயர் நிறங்கள் வழக்கமாக இப்படித்தான் இருக்கும். ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதும் உண்டு. விற்பவர் தரும் குறிப்பைப் பார்த்துவிட்டு இணையுங்கள். தலைகீழாகக் கொடுத்தால் குப்பி சில நொடிகளில் கை சுடும். தொட்டுப் பார்ப்பதே இங்கே நல்ல சோதனை.

4.7 கிலோஓம் மின்தடையை டி2-க்கும் 5 வோல்ட்டுக்கும் இடையில் போடுங்கள். சென்சார்களால் தகவல் வயரைக் கீழே இழுக்க மட்டுமே முடியும். மீண்டும் மேலே தூக்கிவிடுவது இந்த மின்தடைதான். இரண்டு சென்சார்கள் இருந்தாலும் மின்தடை ஒன்று போதும், ஏனென்றால் இரண்டும் அதே டி2 வயரைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

ஒன்வயர், டல்லாஸ் டெம்பரேச்சர் என்ற இரண்டு லைப்ரரிகளையும் நிறுவி, உதாரண நிரலை ஓட்டி, சீரியல் மானிட்டரை (பலகை அனுப்புவதைக் கணினியில் காட்டும் சாளரம்) திறந்து பாருங்கள். அதில் தெரியும் இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மைனஸ் 127 வந்தால் சென்சார் இணைப்பில் இல்லை என்று பொருள். வயர் கழன்றிருக்கும், அல்லது மின்தடை இருக்காது. 85 வந்தால் சென்சாருக்கு மின்சாரம் வந்திருக்கிறது, ஆனால் அது இன்னும் அளக்கவில்லை. மின்சாரம் வந்தவுடன் அதன் நினைவில் இருக்கும் தொடக்க எண் 85. முழுத் துல்லியத்தில் ஒருமுறை அளக்க 750 மில்லிநொடி வரை பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டுப் படித்தால் 85-தான் கிடைக்கும். ஃபிரிட்ஜ் பதிவில் 85 என்று ஒரு வரியைப் பார்த்து, சமையலறையில் தீப்பிடித்ததோ என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது இரண்டு சென்சார்களுக்கும் பெயர் வையுங்கள். ஒவ்வொரு டிஎஸ்18பி20-க்குள்ளும் 64 பிட் முகவரி பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு குப்பியை உள்ளங்கையில் பிடித்து, எந்த முகவரியின் எண் ஏறுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வயரில் டேப் ஒட்டி "தட்டு" என்றோ "ஃப்ரீஸர்" என்றோ எழுதுங்கள். நிரலிலும் அந்த முகவரியைக் கொண்டே படியுங்கள். "முதல் சென்சார், இரண்டாவது சென்சார்" என்று வரிசை எண்ணை நம்பினால், நாளை மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கும்போது வரிசை மாறலாம். அப்போது ஃப்ரீஸரின் எண் தட்டின் கட்டத்தில் போய் உட்காரும்.

5. ஐஸ் சோதனை

சென்சார் எண்ணைக் காட்டுகிறது என்பதற்காக அது சரியான எண் என்று ஆகிவிடாது. மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாக இருக்கும் என்பது அசல் டிஎஸ்18பி20-க்கான உறுதி. சந்தையில் போலிகள் நிறைய. அவற்றுக்கு எந்த உறுதியும் கிடையாது.

ஒரு பிளாஸ்க்கில் நன்றாகத் தூளாக்கிய ஐஸை வாய்வரை நிரப்புங்கள். இடைவெளிகள் மறையும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். குப்பிகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி நடுவில் செருகி, அவ்வப்போது கலக்கிக்கொண்டே பத்து நிமிடம் காத்திருங்கள். அந்தக் கூழின் வெப்பநிலை 0 டிகிரி.

ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஐஸ் கட்டிகளை மிதக்கவிட்டுச் சோதிப்பது வேறு கதை. நீர் 4 டிகிரியை ஒட்டித்தான் மிகவும் அடர்த்தியாக இருக்கிறது; அந்த நீர் அடியில் போய்த் தங்கிவிடும். டம்ளரின் அடியில் இருக்கும் குப்பி 4 டிகிரி காட்டினால் குற்றம் சென்சாருடையது அல்ல.

ஒரு சென்சார் 0.4 என்று நிலையாகக் காட்டினால், நிரலில் அதற்கு மட்டும் 0.4-ஐக் கழியுங்கள். இந்தத் திருத்தம் பூஜ்யத்தை ஒட்டிய அளவுகளுக்கே பொருந்தும். ஃபிரிட்ஜுக்குப் போதும், இதே எண்ணை வைத்துக்கொண்டு கோழி முட்டை இன்குபேட்டரை அளக்கப் போகாதீர்கள். ஒரு டிகிரிக்கு மேல் பிழை காட்டும் சென்சாரைத் திருத்தப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

6. கடிகாரம் மட்டும்

சென்சார் வயர்களைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கடிகாரப் பலகையின் எஸ்டிஏ முனை ஏ4-க்கு, எஸ்சிஎல் முனை ஏ5-க்கு, மின்சாரம் 5 வோல்ட்.

பேட்டரி போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்3231 பலகைகள் பலவற்றில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சுற்று சேர்ந்தே வருகிறது. கடையில் கிடைக்கும் சிஆர்2032 நாணய பேட்டரியோ சார்ஜ் செய்யக் கூடாத வகை. நாளடைவில் உப்பும், கசியும். பலகையில் சிறிய கண்ணாடி டையோடுக்குப் பக்கத்தில் 201 என்று அச்சிட்ட மின்தடை இருந்தால், அதை சால்டரிங் அயர்னால் எடுத்துவிடுங்கள். சார்ஜ் ஆவது நின்றுவிடும், கடிகாரத்துக்கு ஒரு குறையும் வராது.

நேரம் அமைப்பதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். கடிகார லைப்ரரியின் உதாரண நிரலில், நிரல் தொகுக்கப்பட்ட (கணினி அதைப் பலகைக்கு ஏற்றபடி மாற்றிய) நேரத்தைக் கடிகாரத்தில் ஏற்றும் வரி ஒன்று உண்டு. அதை அப்படியே நிரலின் தொடக்கப் பகுதியில் (செட்டப்) விட்டுவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கடிகாரம் அந்தப் பழைய நேரத்துக்கே திரும்பும். செவ்வாய்க்கிழமை நடந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் ஏறிவிடும். கடிகாரம் மின்சாரத்தை இழந்திருந்தால் மட்டுமே நேரத்தை ஏற்று என்ற நிபந்தனைக்குள் அந்த வரியைப் போடுங்கள்.

சோதனை எளிது. நேரத்தை அமையுங்கள், யுஎஸ்பியைப் பிடுங்குங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள், மீண்டும் செருகுங்கள். நேரம் சரியாக இருந்தால் அடுத்த படி.

7. மெமரி கார்டு மட்டும்

கடிகாரத்தையும் கழற்றுங்கள். கார்டு பலகையின் தேர்வு முனை (சிஎஸ்) டி10, மோசி டி11, மிசோ டி12, கடிகாரத் துடிப்பு முனை (எஸ்சிகே) டி13. சில உதாரண நிரல்களில் தேர்வு முனை 4 என்று இருக்கும். அதை 10 ஆக்காமல் "கார்டு வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

3.3 வோல்ட்டாகக் குறைக்கும் சிப் பலகையிலேயே இருந்தால் அதற்கு 5 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். "கார்டு 3.3 வோல்ட்டில் ஓடுவதுதானே" என்று நானோவின் 3.3 முனையிலிருந்து கொடுத்தால், குறைத்தது போக மிஞ்சுவது கார்டுக்குப் போதாது. சில சமயம் எழுதும், சில சமயம் எழுதாது. பழுதுகளில் இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை.

கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். 64 ஜிபி முதல் மேலுள்ள கார்டுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன. கார்டில் எழுத நாம் பயன்படுத்தும் எஸ்டி லைப்ரரிக்கு அது புரியாது.

கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மிகாமல், பின்னொட்டு மூன்று எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். நீண்ட பெயர் கொடுத்தால் கோப்பு திறக்காது, காரணமும் சொல்லாது. ஆண்டு, மாதம், நாள் சேர்த்து 20250614 என்று வைத்தால் கச்சிதமாக எட்டு. நாளுக்கொரு கோப்பு என்பதால் ஏதாவது கெட்டாலும் ஒரு நாள் பதிவு மட்டுமே போகும்.

8. மூன்றையும் சேர்த்தல்

இப்போதுதான் எல்லாவற்றையும் ஒரே பிரெட்போர்டுக்குக் கொண்டுவருகிறோம். நிரலை இந்த வரிசையில் எழுதுங்கள்.

தொடக்கப் பகுதியில் கடிகாரம், சென்சார், கார்டு மூன்றையும் எழுப்பி, எது எழாவிட்டாலும் எல்இடியை வேகமாகச் சிமிட்டி நின்றுவிடச் செய்யுங்கள். பிறகு கோப்பில் "தொடக்கம்" என்பதற்கு அடையாளமாக ஒரு வரி எழுதுங்கள். இந்த ஒரு வரி பின்னால் பெரிய உதவி. நடு இரவில் கருவி தானாக ரீசெட் ஆனால் அது கோப்பில் தெரியும். இல்லாவிட்டால் தெரியவே தெரியாது.

திரும்பத் திரும்பச் சுழலும் பகுதியில் (லூப்) கடிகாரத்தைப் பாருங்கள். நிமிட எண் மாறியிருந்தால் மட்டும் அளந்து எழுதுங்கள். 60 நொடி தூங்கு, பிறகு அள என்று எழுதாதீர்கள். அளக்கவும் எழுதவும் ஆகும் நேரம் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போய், பதிவுகள் நகர்ந்துவிடும். சில நிமிடங்கள் பதிவிலிருந்தே காணாமல் போகும்.

மைனஸ் 127 அல்லது சரியாக 85 வந்தால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பூஜ்யம் எழுதாதீர்கள். ஃபிரிட்ஜுக்குப் பூஜ்யம் என்பது நம்பத்தகுந்த வெப்பநிலை. ஆறு மாதம் கழித்து அது அளவா பிழையா என்று உங்களுக்கே தெரியாது.

ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து, ஒரு வரி எழுதி, மூடிவிடுங்கள். கார்டு லைப்ரரி 512 பைட் சேரும்வரை தகவலை நினைவகத்திலேயே வைத்திருக்கும். மூடாமல் விட்டால் மின்சாரம் போகும்போது கடைசிப் பல நிமிடங்களும் போய்விடும். மின்வெட்டைப் பதிவு செய்யவென்றே பிறந்த கருவிக்கு அது அவமானம்.

நானோவின் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. அதில் கால் பங்கைக் கார்டு லைப்ரரியின் அந்த 512 பைட்டே எடுத்துக்கொள்கிறது. நிரலைத் தொகுக்கும்போது நினைவகம் குறைவு என்று எச்சரிக்கை வந்தால் ஒதுக்கித் தள்ளாதீர்கள். அப்படிப்பட்ட நிரல் மேசையில் ஒரு மணி நேரம் நன்றாக ஓடும், நான்காவது மணி நேரத்தில் உறைந்துவிடும். சீரியல் மானிட்டருக்காக எழுதிய நீண்ட வாக்கியங்களை நீக்குவது முதல் மருந்து.

இன்னொன்று: பலகையிலேயே இருக்கும் எல்இடி டி13-இல் இருக்கிறது. அந்த முனை இப்போது கார்டுடையது. ஆகவே அறிவிப்பு விளக்கை 470 ஓம் மின்தடையுடன் டி3-இல் தனியாக வையுங்கள்.

9. மின்சாரம்

நான் செய்த முதல் கருவி ஓர் இரவுகூடத் தாங்கவில்லை. பவர் பேங்கில் இணைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் கோப்பில் ஒரு நிமிடத்துக்கான பதிவு மட்டும் இருந்தது. நிரலில் மூன்று நாள் தேடினேன். நிரலில் ஒன்றுமே இல்லை. கருவி இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. போன் நிறைந்துவிட்டது என்று எண்ணி பவர் பேங்க் தானாக அணைந்துகொண்டது. பல பவர் பேங்குகள் இப்படித்தான். குறைந்த மின்னோட்ட முறை என்று தனியாகக் குறிப்பிட்டவற்றை மட்டும் நம்பலாம்.

எனக்குப் பொருந்தியது, இணைய ரூட்டருக்கு வைக்கும் சிறிய 12 வோல்ட் யுபிஎஸ். அதை நானோவின் விஐஎன் முனையில் கொடுங்கள்; அந்த முனை 7 முதல் 12 வோல்ட் வரை ஏற்கும். தவறிப்போய் 5 வோல்ட் முனையில் 12 வோல்ட் கொடுத்தால் நானோ, சென்சார்கள், கார்டு எல்லாம் ஒரே நேரத்தில் விடைபெறும்.

கரன்ட் எப்போது போனது என்பதும் பதிவானால் கேள்விக்கு முழு விடை கிடைக்கும். தரமான பழைய 5 வோல்ட் போன் சார்ஜர் ஒன்றை ஃபிரிட்ஜ் இருக்கும் அதே பிளக் வரிசையில் செருகுங்கள். அதன் 5 வோல்ட் முனையை 10 கிலோஓம் மின்தடை வழியாக டி4-க்கும், கிரவுண்டை நானோவின் கிரவுண்டுக்கும் கொண்டுவாருங்கள். டி4-இலிருந்து கிரவுண்டுக்கு 100 கிலோஓம் ஒன்று போடுங்கள். அது இல்லாவிட்டால் கரன்ட் போன பிறகு அந்த முனை அந்தரத்தில் தொங்கி, மனம்போனபடி எண் காட்டும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் டி4-இன் நிலையை 1 அல்லது 0 என்று எழுதினால் போதும். 230 வோல்ட் வயரை நேரடியாக இந்தப் பலகையின் அருகில்கூடக் கொண்டுவராதீர்கள்.

10. மேசையில் ஒரு முழு நாள்

ஃபிரிட்ஜுக்குக் கொண்டுபோகும் முன் 24 மணி நேரம் மேசையிலேயே ஓடட்டும். இடையில் மூன்று முறை மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகுங்கள். ஒரு சென்சாரைக் கழற்றி மாட்டுங்கள். மறுநாள் கோப்பைத் திறந்து வரிகளை எண்ணுங்கள். தொடக்க வரிகள் நான்கு இருக்க வேண்டும், சென்சார் இல்லாத நிமிடங்களில் கட்டம் காலியாக இருக்க வேண்டும், நள்ளிரவில் புதிய கோப்பு பிறந்திருக்க வேண்டும்.

இதில் தேறிய பிறகே சுற்றைப் பொதுப்பலகைக்கு மாற்றி சால்டரிங் செய்யுங்கள். பிரெட்போர்டிலேயே விட்டால், ஃபிரிட்ஜின் அதிர்விலேயே என்றாவது ஒரு ஜம்பர் வயர் கழன்றுவிடும்.

கார்டை எடுக்கும்போது மின்சாரத்தை நிறுத்தி, எடுத்து, திரும்பச் செருகிய பின் மின்சாரம் கொடுங்கள். ஓடும்போதே உருவினால், மறுபடி செருகினாலும் நிரல் கார்டை அடையாளம் காணாது. எழுதுவது போலப் பாவனை மட்டும் செய்துகொண்டிருக்கும்.

11. ஃபிரிட்ஜில் பொருத்துதல்

பலகைகள் இருக்கும் பெட்டி வெளியே, சென்சார் மட்டும் உள்ளே. பலகையை உள்ளே வைத்தால், கதவு திறக்கும்போதெல்லாம் அதன்மேல் நீர் படியும். சென்சார் வயரைக் கதவின் ரப்பர் பட்டைக்குக் கீழே, கீல் இருக்கும் பக்கமாகக் கொண்டுபோய் டேப் ஒட்டுங்கள். கைப்பிடிப் பக்கம் கொண்டுபோனால் கதவு சரியாக மூடாது. பிறகு நீங்கள் அளப்பது ஃபிரிட்ஜை அல்ல, நீங்கள் உண்டாக்கிய ஓட்டையை.

தட்டுச் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் ஒரு சிறிய பாட்டில் நீருக்குள் வையுங்கள். கதவைத் திறந்த நொடியில் காற்றின் வெப்பநிலை துள்ளும். பாலும் தயிரும் அப்படித் துள்ளுவதில்லை. நமக்குத் தெரிய வேண்டியது பாலின் நிலை. ஃப்ரீஸர் சென்சாரை இரண்டு பொட்டலங்களுக்கு நடுவில் செருகினால் போதும், சுவரைத் தொடக் கூடாது.

12. கோப்பைப் படித்தல்

முதல் நாள் பதிவை விரிதாளில் திறந்து வரைபடமாக்குங்கள். தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதியிருந்தால் விரிதாள் குழம்பாது; நாளையும் மாதத்தையும் அது இடம் மாற்றிப் படிப்பது பழைய தொல்லை.

ஃப்ரீஸர் கோட்டில் ரம்பப் பல் போன்ற ஏற்ற இறக்கம் தெரியும். கம்ப்ரஸர் ஓடி நிற்பதன் சுவடு அது. பனி தானாகக் கரையும் வகை ஃபிரிட்ஜ் என்றால், சில மணிகளுக்கு ஒருமுறை அதைவிடப் பெரிய மேடு ஒன்று எழுந்து அடங்கும். பனியைக் கரைக்கும் ஹீட்டரின் வேலை அது. பழுது என்று மெக்கானிக்கை அழைத்துவிடாதீர்கள்.

கடைசிக் கட்டம் 0 ஆகும் இடத்தைத் தேடுங்கள். அங்கிருந்து பற்கள் மறைந்து, கோடு ஒரே சரிவாக மேலேறும். நடுத்தட்டின் கோடு 5 டிகிரியைத் தொடும் நேரத்திலிருந்து கரன்ட் போன நேரத்தைக் கழியுங்கள். அதே சோதனையை ஃபிரிட்ஜ் நிறைந்திருக்கும் நாளிலும் காலியாக இருக்கும் நாளிலும் செய்து, இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டிவையுங்கள்.